வலி நின்றதும் குளிர் பழகிவிட்டது என்று நினைத்தேன்

என் வலது கையில் ஆள்காட்டி விரல் நுனியும் நடுவிரல் நுனியும் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. தொட்டால் தெரிகிறது, ஆனால் நடுவில் மெல்லிய தாள் ஒன்றை வைத்துத் தொடுவது போல இருக்கிறது. சில்லென்ற இரும்புக் கைப்பிடியைப் பிடித்தால் ஊசி குத்துகிறது. பனி விழுந்த தெருவை உட்கார்ந்து வரையலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பிப் போனதில் வந்தது இது. போவதற்கு முன்னால் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் எந்தத் தாள், எந்த பிரஷ், எந்த வண்ணம் என்பதைப் பற்றித்தான். கையைப் பற்றி எங்கேயும் படிக்கவில்லை, யாரிடமும் கேட்கத் தோன்றவும் இல்லை. ஒரே ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும், மூன்று வாரம் பென்சில் பிடிக்க முடியாமல் கிடந்திருக்க மாட்டேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

குளிர் நகரத்தில் எனக்கு அது முதல் குளிர்காலம். வீட்டில் உட்கார்ந்து புகைப்படத்தைப் பார்த்து வரைவதை விட்டு, இடத்துக்கே போய்ப் பார்த்து வரையும் பழக்கம் எனக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற பெயரில் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய இயக்கத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் கொள்கை. அது எனக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, மூன்றாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தபோது வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தெரு முழுக்க வெள்ளை, கூரை முழுக்க வெள்ளை, அதன் மேல் நீல நிழல்கள். இதை விட்டால் இனி எப்போது என்று தோன்றியது.

முதல் தப்பு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே நடந்தது. வானிலை அறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்த்தேன்: மைனஸ் 9. நல்ல கோட் இருக்கிறது, சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குக் கீழேயே காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று இருந்ததைக் கண் பார்த்தது, மனசு வாங்கவில்லை. காற்றுக் குளிர் என்று ஒரு கணக்கு உண்டு. மைனஸ் 9 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 18 டிகிரி போலத்தான். நடந்து போகிறவர்களுக்கே அது கடுமையான குளிர். நாம் நடக்கப் போவதில்லை, ஒரே இடத்தில் அசையாமல் உட்காரப் போகிறோம். வரைகிறவர்கள் பார்க்க வேண்டிய எண், காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட அந்த இரண்டாவது எண்தான்.

இரண்டாவது தப்பு, கிளம்பிய நேரம். பையை எடுத்து வைப்பதிலேயே காலைப்பொழுது போய்விட்டது. குளிர்காலப் பகல் எவ்வளவு குட்டை என்பது வரைகிறவருக்குத்தான் முதலில் உறைக்கும். வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 வாக்கில் பகல் சுமார் 8 மணி நேரம்தான். நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 30 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும். பார்க்க அழகு, ஆனால் அந்த நிழல் நிற்காது. இவ்வளவு நீள நிழலின் நுனி நாம் ஜன்னல்களை எண்ணி முடிப்பதற்குள் தெருவின் மறுபக்கம் போய்விடும். நான் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்று. நல்ல வெளிச்சம் என்று சொல்ல இரண்டு மணி நேரம்கூட மிச்சம் இல்லை. அந்த அவசரம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது. நிழலை முதல் ஐந்து நிமிடத்திலேயே லேசாகக் கோடு போட்டு அடைத்து வைத்துவிட்டால், பிறகு அது எங்கே ஓடினாலும் கவலை இல்லை. அன்றைக்கு நான் கட்டடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு சதுக்கம், அதன் கோடியில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள். முதலில் வெயிலில் உட்கார்ந்தேன். தாளைத் திறந்ததும் கண் கூசியது. பனியிலிருந்து வரும் வெளிச்சமும் தாளிலிருந்து வரும் வெளிச்சமும் சேர்ந்தால் போட்ட வண்ணத்தின் ஆழம் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அட்டைக்கறுப்பாக இருக்கும். அதனால் நிழலுக்கு மாறினேன். தாளுக்கு அது சரி, உடம்புக்குச் சரியில்லை. உட்கார்ந்தது கல் பெஞ்சு. கல் எவ்வளவு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து நிமிடத்தில் தொடை விறைத்தது. காலுக்குக் கீழே மிதிபட்டு இறுகிய பனி. உடம்பு தன் நடுப்பாகத்தின் சூட்டைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கும். தொடையிலும் பாதத்திலும் இழக்க ஆரம்பித்ததும் கைக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் குளிர்கிறது என்று கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது அதனால்தான் பலன் தருவதில்லை. உட்காரும் இடத்துக்கு ஒரு ஃபோம் துண்டு, காலுக்கு அடியில் ஒரு தடித்த அட்டை, இவை இரண்டும் விலை உயர்ந்த கையுறையைவிடக் கைக்கு நல்லது.

பென்சில் வேலை சுகமாகத்தான் போனது. வலது கையுறையைக் கழற்றிவிட்டு வரைந்தேன், கோட்டின் அழுத்தம் கையில் தெரிய வேண்டும் என்று. பத்து நிமிடத்தில் விரல் வலிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து விரலுக்குள் தானாகவே ஒரு வெதுவெதுப்பு ஓடியது. அடடா, உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இதற்கும் காரணம் இருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். குளிரில் விரலின் ரத்த நாளங்கள் இறுகச் சுருங்கும், ஐந்து பத்து நிமிடம் போனதும் சற்று விரிந்து ரத்தத்தை விடும், மறுபடி சுருங்கும். தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1930-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார். உடம்பு முழுக்கக் குளிர்ந்துகொண்டே போனால் இந்த அலை பலவீனமாகிக்கொண்டே போகும். முதல் வெதுவெதுப்பை நம்பி நான் உட்கார்ந்தேன். இரண்டாவது அலை வந்ததா என்றே எனக்கு நினைவில்லை.

அடுத்து பேனா. ஃபவுண்டன் பேனாவை கோட்டின் வெளிப் பையில் வைத்திருந்தேன். இரண்டு கோடு வந்தது, மூன்றாவது பாதியில் நின்றது. உதறினேன், ஊதினேன், வரவில்லை. மை என்பது பெரும்பாலும் தண்ணீர்தானே, உறைந்துவிட்டது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் ஃபீட் என்ற பாகத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய பேனா, இப்போது கசிகிறது, சரி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எழுதும்போது இன்னும் மனசு வலிக்கிறது. பால்பாயின்ட் பேனாவும் குளிரில் கெட்டிப்பட்டு விட்டு விட்டுத்தான் எழுதும். பேனா வேண்டும் என்றால் சட்டைக்கு உள்ளே, மார்போடு ஒட்டி இருக்க வேண்டும், வரையும் நேரம் மட்டும் வெளியே வரவேண்டும். என்னைக் கேட்டால் பனிக்காலத்துக்குப் பென்சில்தான். அது உறையாது, கசியாது, எந்தக் குளிரிலும் கூப்பிட்டவுடன் வரும். பென்சிலின் மென்மையைக் குறிக்கும் எண்ணில் 2பி-க்கு மேல் மென்மையாக இருந்தால் தடித்த கையுறையோடும் வரையலாம்.

வண்ணத்துக்கு வந்தேன். வானத்துக்கு நீலத்தில் ஒரு வாஷ், அதாவது தண்ணீராய்க் கரைத்த வண்ணப் பூச்சு, போட்டேன். பிரஷ் தாளைத் தொட்ட இடத்திலிருந்து, என் கண் எதிரிலேயே, பெரணி இலை போல் கிளை கிளையாக ஒரு கோலம் விரிந்தது. வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு பனிப்படிகம் வளர்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகு அது. காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். காயவில்லை, உறைந்திருந்தது. குளிர் காற்றில் ஈரம் போக இடமே இல்லை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது, மைனஸில் இன்னும் குறைவு.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன். வண்ணம் கரைக்கும் தண்ணீரில் ஓட்கா கலந்தால் உறையாது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள ஓட்கா சுமார் மைனஸ் 27 வரை உறையாது, அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தாலும் மைனஸ் 9-ஐ எளிதாகத் தாங்கும். ஒரு குட்டி பாட்டிலில் கலந்து கொண்டுபோயிருந்தேன். நன்றாகவே வேலை செய்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூடியைத் திறக்கும்போது விறைத்த கையிலிருந்து பாட்டில் நழுவி, பாதி என் வலது கை விரல்கள் மேல் கொட்டியது. துடைக்கத் துணி பையின் அடியில் இருந்தது. வெளிச்சம் போகிறதே என்று கையை உதறிவிட்டு பிரஷ்ஷை எடுத்தேன்.

மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடுகிறது, அதற்குக் கீழே அது திரவமாக இருப்பது அரிது. ஆல்கஹால் கலவை அப்படி இல்லை. மைனஸ் 9 டிகிரியில் வெளியே வைத்திருந்தால் அதுவும் மைனஸ் 9 டிகிரிதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். தோலின் ஒவ்வொரு மடிப்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும், போதாததற்கு ஆவியாகும்போது இன்னும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், மேலே காற்று வேறு. உறையாத திரவம் என்று நான் சந்தோஷமாகக் கொண்டுபோனது, உறைநிலைக்குக் கீழே இருக்கும் திரவம். அந்த நான்கு சொட்டைத் துடைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. சுத்தமாக நின்றது. அதன் பிறகு வந்த அரை மணி நேரம், உண்மையைச் சொல்கிறேன், நான் வெளியில் வரைந்த நேரங்களிலேயே ரொம்ப நிம்மதியான நேரம். வலி இல்லை, காற்றுச் சத்தம் மட்டும், எதிர்க் கூரையின் பனி மேல் சாய்ந்த வெயில் மஞ்சளாக இறங்குகிறது, நிழல்களுக்குள் வானத்தின் நீலம் கொட்டிக் கிடக்கிறது. பனி நிழல் சாம்பல் இல்லை, நீலம் என்பதைப் படத்தில் பார்த்திருந்தேன், அன்றைக்குத்தான் நேரில் நம்பினேன். நேர் வெயில் படாத பனிக்கு வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைக்கிறது, அதனால் அந்த நீலம். குளிர் பழகிவிட்டது, இனி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நினைத்தேன். விரல் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் கையின் நுட்பமான வேலைத்திறன் குறையும், 8 டிகிரி அளவுக்குப் போனால் தொடு உணர்ச்சியே போய்விடும் என்கிறார்கள். நான் பழக்கம் என்று நினைத்தது அதைத்தான்.

ஃபோன் எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. சாதாரண ஃபோன்கள் 0 டிகிரிக்கு மேல் பயன்படுத்தத்தான் செய்யப்பட்டவை, குளிரில் பேட்டரி பாதி இருக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் நேரம் தெரியவில்லை. எதிரே மணிக்கூண்டு இருந்தது, அதன் முட்களையே வரைந்துகொண்டிருந்தேன், ஆனால் மணி பார்க்கவில்லை. எப்போது தெரிந்தது என்றால், தாளில் கோடு வரவில்லை. பார்த்தால் கையில் பிரஷ் இல்லை. அது கீழே பனியில் கிடந்தது. விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பிடித்திருந்தது போலவே விரல்களைக் குவித்து வைத்துக்கொண்டு வெறும் கையால் வரைந்திருக்கிறேன். இரண்டு விரல் நுனியும் மெழுகு போல வெளுத்திருந்தன. தட்டினேன். யாருடைய விரலையோ தட்டியது போல் இருந்தது. அப்போது பயம் வந்தது பாருங்கள், குளிரைவிட அது மோசம்.

பயத்தில் அடுத்தடுத்துத் தப்பு செய்தேன். முதலில் விரலைத் தேய்த்தேன், பனியால்கூடத் தேய்த்தேன், அப்படிச் செய்யச் சொல்லி எங்கேயோ கேட்ட ஞாபகம். செய்யவே கூடாது, உறைந்த திசுவைத் தேய்த்தால் கிழியும். அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து சுடுதண்ணீரில் கையை விட்டேன். சூடு தெரியவில்லை. இன்னும் சூட்டைக் கூட்டினேன். நல்லவேளை, தற்செயலாக இடது கை பட்டது, துள்ளி எடுத்தேன். மரத்துப்போன விரலால் தண்ணீரின் சூட்டைப் பார்க்கக் கூடாது, ஹீட்டரிலோ நெருப்பிலோ காட்டவும் கூடாது, வேகும் வரை தெரியாது. 37 முதல் 39 டிகிரி, அதாவது முழங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் தண்ணீரில், நிறம் திரும்பும் வரை அரை மணி நேரம் போல வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். திரும்பவும் குளிரில் போகிற மாதிரி இருந்தால் உருக்கவே வேண்டாம், உருகி மறுபடி உறைந்தால் சேதம் பலமடங்கு. நிறம் திரும்பும்போது வரும் வலி இருக்கிறதே, நான் அழுதேன். தனியாக இருந்தேன், சத்தமாகவே அழுதேன்.

மறுநாள் காலையில் இரண்டு நுனியிலும் தெளிந்த நீர்க்கொப்புளம். மருத்துவர் பார்த்துவிட்டு மேலோட்டமான பனிக்கடி என்றார். தெளிந்த நீர் என்றால் கொஞ்சம் நிம்மதி, ரத்தக் கொப்புளமாக இருந்தால் ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தமாம். உடைக்காதே, தளர்வாகக் கட்டு, புகை பிடிக்காதே, குளிரில் காட்டாதே என்றார். அவர் திட்டவில்லை. “வலி நின்ற பிறகு எவ்வளவு நேரம் இருந்தாய்?” என்று மட்டும் கேட்டார். அரை மணி என்றேன். பேசாமல் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் பென்சில் பிடிக்கவில்லை, அதில் ஒரு வாரம் சட்டைப் பொத்தானே போட முடியவில்லை. ஒப்புக்கொண்டிருந்த இரண்டு சின்னப் படங்களைத் திருப்பிக் கொடுத்தேன், அதற்கு வாங்கிய முன்பணமும் போனது.

படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஸ்கெட்ச்புக்கை விரித்தபடியே மேசை மேல் போட்டுவிட்டுக் குழாய்க்கு ஓடியிருந்தேன். திரும்பி வந்தபோது வானம் உருகி மணிக்கூண்டின் மேல் வழிந்திருந்தது. பெரணிக் கோலம் போன இடம் தெரியவில்லை. உறைந்த வாஷ் வீட்டுக்குள் வந்தால் மறுபடி தண்ணீர்தான். தட்டையாக, அசைக்காமல், குளிர்ச்சியான ஓர் அறையில் வைத்து மெல்ல உருகவிட்டால் அந்தக் கோலத்தின் சுவடு கொஞ்சம் தங்கலாம். மூடிய ஸ்கெட்ச்புக்காக இருந்தாலும் உடனே பையைத் திறக்கக் கூடாது, குளிர்ந்த தாள் மேல் அறையின் ஈரம் படிந்துவிடும், பையோடு ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். வழிந்தது போக மிச்சமிருந்த கோடுகளைப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஜன்னல்கள் கச்சிதமாக இருக்கின்றன. நடுவில் தடிக்கின்றன. வலது பக்கம் வரும்போது தள்ளாடுகின்றன. வலி நின்ற இடத்தை என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும், மூன்றாவது வீட்டின் கதவு. அங்கிருந்து அந்தப் பக்கம் எனக்கு வரைவது போலத் தோன்றிய எதுவும் தாளில் இல்லை.

ஆறின பிறகு திரும்பவும் போனேன். போகக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், எனக்கும் பயம் இருந்தது. ஆனால் அந்த நீலத்தை விட மனசு வரவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1895-இல் நார்வேயில் பனிக்கு நடுவே நின்று வரைந்தபோது தாடியில் பனிக்கட்டி தொங்கியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார், முன்பெல்லாம் அதை வீரமாக நினைத்து ரசிப்பேன். இப்போது அவர் விரல்கள் எப்படி இருந்தன என்றுதான் யோசிக்கிறேன். இந்த முறை விரல் பிரிவு இல்லாத ஒரு பழைய கம்பளி உறையின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு, பென்சிலை அதன் வழியாகக் குத்தி வெளியே நீட்டி, கை முழுக்க உள்ளேயே இருக்கும்படி பிடித்தேன். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருந்தால் தனித்தனிக் கையுறையைவிட வெதுவெதுப்பு அதிகம். கோடு கொஞ்சம் தடிப்பாக வரும், அதற்கேற்ப வரைந்தால் சரி. உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, பருத்தி வேண்டாம், நடந்து வந்த வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நடுக்கும். வண்ணம் எடுத்துப் போகவில்லை. ‘கூரை நிழல்: அல்ட்ராமரைன், கொஞ்சம் சிவப்பு’, ‘சுவர்: காவி, வெளிர்’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன், வண்ணம் தீட்டுவது வீட்டு ஜன்னலோரம். கையில் முள் வைத்த சாதாரண கைக்கடிகாரம். பதினைந்து நிமிடம் வரைந்தால் ஐந்து நிமிடம் நடை, கையைச் சுழற்றி ரத்தத்தை விரலுக்குத் தள்ளுவது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்தி வலிக்கிறதா என்று பார்ப்பது. வலித்தால் நல்லது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போயிருந்தேன், வரையத் தெரியாதவர், என் மூக்கு வெளுக்கிறதா என்று பார்க்க மட்டும். நம் மூக்கை நாமே பார்க்க முடியாது இல்லையா.

நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். நிழலை முதலில் அடைத்துவிட்டதால் அவசரமே இல்லை. மணிக்கூண்டின் உச்சியும் முட்களும் மட்டும் பாக்கி. போடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். நடுவிரல் நுனி லேசாகக் குத்த ஆரம்பித்திருந்தது. புத்தகத்தை மூடினேன்.